இழந்த நாள்கூலிக்கு யார் பொறுப்பு?

2025 அக்டோபர் 5 அன்று சிட்னியின் ஆக்கார் விளையாட்டரங்கில் பிரிஸ்பேன் பிராங்கோஸ் மகளிர் அணி, சிட்னி ரூஸ்டர்ஸ் அணியை 22-18 என்ற கணக்கில் வென்று தேசிய மகளிர் ரக்பி லீக் கோப்பையைக் கைப்பற்றியது. அன்று இரவே அதே மைதானத்தில் பிராங்கோஸ் ஆடவர் அணியும் மெல்பர்ன் ஸ்டார்மை வென்றது. மகளிர் அணியின் தலைவர் ஆலி பிரிகின்ஷாவுக்கு அப்போது வயது 35. நாட்டுக்காக அவர் முதன்முதலில் களமிறங்கியது 2009இல். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வர்ணனையாளர் இருக்கைக்குப் போய்விடும் வயதில் அவர் நான்காவது கோப்பையைத் தூக்கினார்.

அவருடைய திறமையைப் புகழ இடம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் பதினாறு ஆண்டுகளின் செலவை யார் ஏற்றார்கள், இனி வரும் பெண்களின் செலவை யார் ஏற்க வேண்டும் என்பதைப் பேசவே இங்கே முயல்கிறோம். இது விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துவிடும் கேள்வி இல்லை. ஒரு சமூகம் ஒரு புதிய தொழிலை உருவாக்கும்போது அதன் தொடக்கச் சுமையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்பதும் இதற்குள் அடங்கும்.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு மேற்கே உள்ள இப்ஸ்விச் பிரிகின்ஷாவின் ஊர். சுரங்கமும் ரயில் பட்டறையும் வளர்த்த ஊர் அது. ரக்பி லீக் அங்கே வார இறுதிப் பழக்கம். அவர் தலைமுறைச் சிறுமிகளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஏறக்குறைய 12 வயதுவரை பையன்களோடு சேர்ந்து ஆடலாம். அதன்பின் கலப்பு அணி கிடையாது. பெண்களுக்கென்று தனி அணியும் பெரும்பாலான ஊர்களில் இருக்கவில்லை. ஆட்டத்தின் மீது ஆசை இருந்தவர்கள் டச் ஃபுட்பால், கால்பந்து, வலைப்பந்து என்று வேறு களங்களுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் சிலரே.

அப்படி வந்த சிலர்தான் ஜில்லரூஸ் என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய மகளிர் அணியைத் தூக்கி நிறுத்தினார்கள். 2000, 2003, 2008 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளையும் நியூசிலாந்தே வென்றிருந்தது. 2013இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 22-12 என்று நியூசிலாந்தை வீழ்த்தியது. 2017இல் பிரிஸ்பேனில் 23-16 என்றும், 2022இல் மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் 54-4 என்றும் மீண்டும் வென்றது. இந்த மூன்று அணிகளிலும் பிரிகின்ஷா இடம்பெற்றார். 2020இல் ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான டாலி எம் விருதும் அவருக்குக் கிடைத்தது.

ஆட்டத்தை அறியாத வாசகருக்காக ஒரு விளக்கம். ரக்பி லீக்கில் பக்கத்துக்கு 13 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரைதான், அதாவது பந்தோடு ஓடுபவரை எதிரணி ஆறு முறை பிடித்து நிறுத்தும் வரைதான், வாய்ப்பு. அதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது டிரை; அதற்கு நான்கு புள்ளி. ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த உதையை எங்கே போடுவது, எப்போது உதைக்காமல் ஓடுவது, யாரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று நொடியில் முடிவெடுப்பவர் ஹாஃப்பேக். பிரிகின்ஷா நெடுங்காலம் ஆடியது அந்த இடத்தில். ஓட்டத்தைவிட நிதானமும், உடல் பலத்தைவிட ஆட்ட அறிவும் அங்கே அதிகம் பேசும். அந்த அறிவு ஒரே பருவத்தில் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஆடினால்தான் வரும். ஆண்டுக்கணக்கில் ஆட வேண்டுமென்றால் வாழ்க்கைக்கு வழி வேண்டும். இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

தேசிய மகளிர் போட்டி 2018இல் தொடங்கியபோது பிரிஸ்பேன், சிட்னி ரூஸ்டர்ஸ், செயின்ட் ஜார்ஜ் இலவாரா, நியூசிலாந்து வாரியர்ஸ் என நான்கே அணிகள். ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம். பிறகு இறுதி ஆட்டம். ஒரு மாதத்துக்குள் பருவம் முடிந்துவிடும். ஒரு மாத ஆட்டத்துக்காக ஆண்டு முழுவதும் உடலைத் தயாராக வைத்திருக்க வேண்டும்; மீதி மாதங்களில் பிழைப்புக்கு வேறு வேலை பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கிய ரூவன் சிம்ஸ் தீயணைப்புப் பணியிலும் இருந்தவர். அவருடன் ஆடிய பலரும் ஆசிரியராக, செவிலியராக, கடை ஊழியராக இருந்துகொண்டு, விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் பயிற்சி எடுத்தார்கள். அதாவது, போட்டியின் தொடக்கச் செலவில் பெரும்பங்கை ஆட்டக்காரரும், அவர் குடும்பமும், அவருக்கு விடுப்பு கொடுத்த முதலாளியும் ஏற்றுக்கொண்டார்கள். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது முதலீடாகப் பதிவாகவில்லை.

இந்த விளையாட்டின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ரக்பி லீக் பிறந்ததே நாள்கூலித் தகராறில்தான். 1895 ஆகஸ்ட் 29 அன்று வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் பழைய ரக்பி சங்கத்தை விட்டு வெளியேறின. நிலக்கரிச் சுரங்கத்திலும் நூற்பாலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால், இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்பதே அவர்களுடைய கோரிக்கை. விளையாட்டு பணத்துக்காக ஆடப்படக் கூடாது என்று மறுதரப்பு சொன்னது. சிட்னியிலும் கதை ஏறத்தாழ இதுதான். 1907இல் அலெக் பர்டன் என்ற ஆட்டக்காரர் தோளில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் தவித்தபோது ஈட்டுத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. அந்த மனக்குறை, மறு ஆண்டு அங்கே லீக் போட்டி தொடங்கியதற்கான காரணங்களில் ஒன்று.

இழந்த கூலிக்கு ஈடு கேட்டுப் பிறந்த ஆட்டம், நூறு ஆண்டுகளுக்குப் பிறகு தன் பெண்களுக்கு அதே ஈட்டைத் தர நெடுங்காலம் தயங்கியது. இதைச் சுட்டிக்காட்டுவது யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. அந்த வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. 1895இல் பிரிந்து வந்த கிளப்புகள்கூட உடனே ஆட்டக்காரர்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்துவிடவில்லை. முதலில் இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் ஈடு. 1898இல் ஊதியத்துக்கு அனுமதி, ஆனால் வேறு வேலையும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அதன்பின் படிப்படியாகத் தளர்வு. நீதியான கோரிக்கை ஒன்று நிதானமான படிகள் வழியாக நிறைவேற முடியும் என்பதற்கு அது சான்று.

இன்றைய விவாதத்தில் இரண்டு தரப்பும் நியாயம் பேசுகின்றன. இரண்டையும் பொறுமையாகக் கேட்போம்.

முதல் தரப்பு வரவு செலவைப் பார்க்கிறது. ஒளிபரப்பு உரிமையும் நுழைவுக் கட்டணமும் விளம்பரமும் இன்னும் பெரும்பாலும் ஆடவர் ஆட்டத்திலிருந்தே வருகின்றன என்கிறார்கள் இவர்கள். வருமானத்துக்கு மேல் செலவு செய்யும் கிளப் ஒருநாள் கதவைச் சாத்தும். அப்போது முதலில் பாதிக்கப்படுவது பெண்கள் அணியாகவே இருக்கும். கிராமப்புறச் சிறுவர் கிளப்புகளுக்குப் பந்து, வலை, விளக்கு வாங்கும் பணமும் இதே பெட்டியிலிருந்துதான் போகிறது. ஆகவே ஊதியம் வருமானத்தைத் தொடர்ந்து வர வேண்டுமே தவிர, அதற்கு முந்திக்கொண்டு ஓடக் கூடாது. இது பெண்களுக்கு எதிரான வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் பயணத் தடைகளின் நடுவே வாரியர்ஸ் கிளப் தன் மகளிர் அணியை விலக்கிக்கொண்டதையும், அது 2025இல்தான் மீண்டும் களம் கண்டதையும் நாம் பார்த்தோம். கையிருப்பில்லாத வேளையில் எது முதலில் வெட்டப்படும் என்ற அச்சம் வெறும் கற்பனையல்ல.

இரண்டாம் தரப்பு இதைத் திருப்பிக் கேட்கிறது. முழுநேரம் பயிற்சி எடுக்க முடியாத ஆட்டக்காரரிடமிருந்து முழுத் தரத்தை எப்படி எதிர்பார்ப்பது? தரம் உயராமல் கூட்டம் எப்படி வரும்? கூட்டம் வராமல் வருமானம் எங்கிருந்து வரும்? எங்காவது ஓரிடத்தில் யாராவது முதலில் பணம் போட்டாக வேண்டும். ஆடவர் ஆட்டத்துக்கு நூறாண்டுக்கு மேல் பொதுப் பணத்தில் மைதானங்களும், பத்திரிகைகளில் இடமும், பள்ளிகளில் நேரமும் கிடைத்தன. அதை நாம் முதலீடு என்று சொல்கிறோம். பெண்களுக்குத் தரும்போது மட்டும் அதை ஏன் சலுகை என்று சொல்ல வேண்டும்?

இந்தத் தரப்புக்கு வரலாறு கொஞ்சம் துணை நிற்கிறது. 1921 செப்டம்பர் 17 அன்று சிட்னி வேளாண் கண்காட்சி மைதானத்தில் பெண்கள் ரக்பி லீக் ஆட்டம் ஒன்று நடந்தது. அதைப் பார்க்கச் சுமார் 20,000 பேர் திரண்டார்கள். மேகி மொலோனி என்ற இளம்பெண் அன்று நான்கு டிரை அடித்தார். ஆனால் ஆட்டத்தின் நிர்வாகிகள் ஆதரவு தரவில்லை. முயற்சி அத்தோடு தேய்ந்துபோனது. பார்வையாளர் இல்லாததால் பெண்கள் ஆட்டம் வளரவில்லை என்ற பொதுவான எண்ணத்தை அந்த ஒரு பிற்பகல் மறுத்துவிடுகிறது. வேடிக்கை பார்க்கும் ஆர்வம் மட்டுமே அந்தக் கூட்டத்தைக் கூட்டியது என்று ஒருவர் சொல்லலாம். அதிலும் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவரை ரசிகராக்குவது தொடர்ந்து நடக்கும் போட்டிதான். அந்தப் போட்டி அன்று அமையவில்லை.

இவ்விரு வாதங்களுக்கும் நடுவில் ஒரு பாதை 2023இல் வரையப்பட்டது. வீரர் சங்கத்துக்கும் ரக்பி லீக் ஆணையத்துக்கும் இடையே பல மாதங்கள் இழுத்த பேச்சுவார்த்தையில் உரசல்கள் இருந்தன. ஆட்டக்காரர்கள் போட்டி நாளில் ஊடகங்களைச் சந்திக்க மறுத்தார்கள். சட்டையில் இருந்த லீக்கின் சின்னத்தை நாடா ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆடவரும் மகளிரும் ஒரே அணியாக அந்தப் போராட்டத்தில் நின்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. முடிவில் 2027 வரைக்குமான ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. கூட்டு ஒப்பந்தத்தில் மகளிரும் சேர்க்கப்பட்டது அதுவே முதல் முறை.

அதன் எண்களைக் கவனித்தால் சமரசத்தின் வடிவம் தெரியும். 2023இல் ஒரு மகளிர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்குமாகச் செலவிடக்கூடிய ஊதிய உச்சவரம்பு 8 லட்சத்து 84 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். 2027இல் அது 15 லட்சத்து 18 ஆயிரம். தனி ஆட்டக்காரருக்கான குறைந்தபட்ச ஊதியம் 2023இல் 30,000 டாலர், 2027இல் 50,600. கருவுற்ற ஆட்டக்காரர்களுக்கும் பெற்றோரானவர்களுக்குமான பாதுகாப்பும், மருத்துவக் காப்பீடும் பேசி முடிக்கப்பட்டன. ஒரே நாளில் சமம் என்று கேட்டவர்களுக்கு இது குறைவு. வருமானத்துக்குள் நிற்க வேண்டும் என்றவர்களுக்கு இது அதிகம். ஆனால் அடுத்த ஆண்டு எவ்வளவு, அதற்கடுத்த ஆண்டு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவதால், ஒரு பெண் வீட்டு வாடகையைக் கணக்கிட முடியும். ஒரு கிளப் தன் வரவுசெலவைத் திட்டமிட முடியும். இரு தரப்புக்கும் அதுவே உண்மையான லாபம்.

இதில் இன்னும் குறை உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்தை வைத்து சிட்னியில் தனியாக வீடு எடுத்து வாழ்வது கடினம். ஆகவே பலர் இன்னும் வேலையையும் ஆட்டத்தையும் சேர்த்தே சுமக்கிறார்கள். நாள்கூலிப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. பாதி தூரம் வந்திருக்கிறது.

அடுத்த கருத்து வேறுபாடு, போட்டி எவ்வளவு வேகமாக விரிய வேண்டும் என்பது. நான்கில் தொடங்கி ஆறாகி, 2023இல் பத்தாகி, 2025இல் பன்னிரண்டாகியிருக்கிறது. முன்பு மூன்று சுற்று, இப்போது பதினொன்று. விரிவை வேகமாகச் செய்தால் அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பல அணிகளுக்குச் சிதறி, ஒருபக்க ஆட்டங்கள் கூடும் என்ற கவலை நியாயமானது. மெதுவாகச் செய்தால், கேன்பெராவிலும் டவுன்ஸ்வில்லிலும் இருக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு முன்னால் ஓர் அணியும் இருக்காது என்ற மறுமொழியும் நியாயமானது. பிரிகின்ஷாவின் பிராங்கோஸ் அணியே இதற்கு உதாரணம். முதல் மூன்று கோப்பைகளையும், அதாவது 2018, 2019, 2020 ஆகிய ஆண்டுகளுக்குரியவற்றை, அந்த அணி தொடர்ச்சியாக வென்றது. போட்டி விரிந்தபின் நான்கு பருவங்கள் கோப்பையின்றிக் கழிந்தன. நியூகாசிலும் ரூஸ்டர்ஸும் அந்த நான்கு கோப்பைகளைப் பகிர்ந்துகொண்டன. பிராங்கோஸ் ரசிகருக்கு அது வருத்தம். ஆனால் போட்டிக்கு அது ஆரோக்கியம். 2025இன் கோப்பைக்கு மதிப்பு கூடியதும் அதனால்தான்.

எதிரே நிற்பவர் வலுவாக இல்லாவிட்டால் வெற்றிக்கு ருசியில்லை என்பதை 2025 மார்ச் 1 அன்று லாஸ் வேகஸில் நடந்த ஆட்டம் காட்டியது. ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 90-4 என்று வென்றது. இங்கிலாந்துப் பெண்களிடம் திறமையோ உழைப்போ குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களில் பெரும்பாலோர் வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து, ஊதியம் பெற்றுப் பயிற்சி எடுக்கும் அணியை எதிர்கொண்டார்கள். அந்த 86 புள்ளி வித்தியாசம் இரண்டு நாடுகளின் ஆட்டத் திறனைவிட, இரண்டு நாடுகளின் ஏற்பாட்டைத்தான் அதிகம் அளந்தது. வென்றவர்களுக்கும் அது நல்லதில்லை. அடுத்த உலகக் கோப்பையை 2026இல் நடத்தும் ஆஸ்திரேலியாவுக்கு, தன் அணி வெல்வதைப் போலவே தன்னை எதிர்க்கக்கூடிய அணிகள் வளர்வதும் தேவை. 2022 உலகக் கோப்பையில் ஆடவர், மகளிர், சக்கர நாற்காலிப் பிரிவினர் மூவருக்கும் பங்கேற்புத் தொகையைச் சமமாக வழங்கியது நல்ல முன்மாதிரி. அது தொடர வேண்டும்.

மூன்றாவதாக, ஆஸ்திரேலியத் தமிழர்களான நம் வீடுகளுக்குள் நடக்கும் விவாதம். சிட்னியின் மேற்குப் புறநகர்களான வென்ட்வொர்த்வில், டூங்காபி, பென்டில் ஹில் ஆகிய இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பாரமட்டா ஈல்ஸின் மைதானம் சில ரயில் நிலையங்கள் தள்ளித்தான். அந்தக் கிளப்பின் மகளிர் அணி 2022இல் இறுதி ஆட்டம் வரை போனது. ஆனாலும் மகள் பள்ளியிலிருந்து வந்து, லீக்கில் சேரட்டுமா என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். அடிபட்டால் என்ன செய்வது? படிப்பு என்னாகும்? பெண் பிள்ளைக்கு இவ்வளவு முரட்டு ஆட்டம் தேவையா?

இந்தத் தயக்கத்தைப் பழமைவாதம் என்று எளிதாகத் தள்ளிவிடுவது சரியாகாது. முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிவது பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட அதிகம் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. அது ஏற்பட்டால் மீண்டு வர ஏறக்குறைய ஓராண்டு ஆகலாம். தலையில் படும் அடியின் விளைவுகள் பற்றிய அறிவும் இப்போதுதான் முதிர்ந்துவருகிறது. 2023 முதல், மூளை அதிர்ச்சி உறுதியான ஆட்டக்காரர் பொதுவாக 11 நாள் களமிறங்கக் கூடாது என்ற விதி வந்திருப்பதே, ஆபத்தை நிர்வாகமும் ஒப்புக்கொள்கிறது என்பதற்கு அடையாளம். பெற்றோரின் கவலைக்கு அடிப்படை இருக்கிறது.

அதே வேளையில், ஆட்டத்தை விரும்பும் ஒரு பெண்ணைத் தடுப்பதாலும் இழப்பு உண்டு. பதின்ம வயதில் பெண்கள் விளையாட்டை விட்டு விலகுவது நம் சமூகத்தில் அன்றாடம் காண்பது. அதன் விலையைப் பிறகு உடல்நலமும் தன்னம்பிக்கையும் கொடுக்கின்றன. இதற்கும் ஒரு நடுவழி இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் லீக் டேக் என்றொரு வடிவம் பெண்கள் மத்தியில் பரவலாக ஆடப்படுகிறது. அரைக்கால் சட்டையின் இரு இடுப்புப் பக்கங்களிலும் ஒட்டியிருக்கும் பட்டை ஒன்றை எதிரணியினர் பிய்த்து எடுத்தால் அது ஒரு டேக்கிளுக்குச் சமம். கீழே தள்ளுவது இல்லை, மோதல் இல்லை. ஓட்டம், பந்துப் பரிமாற்றம், ஆட்ட அறிவு மூன்றும் அப்படியே இருக்கின்றன. அதில் தொடங்கி, உடலும் விருப்பமும் ஒத்துவந்தால் டேக்கிள் ஆட்டத்துக்கு நகரலாம்; இல்லையென்றால் அங்கேயே மகிழ்ச்சியாக இருக்கலாம். பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் எளியவை: விழுவதற்கும் டேக்கிள் போடுவதற்கும் முறைப்படி கற்றுத்தருகிறீர்களா? முழங்கால் காயத்தைக் குறைக்கும் தயார்ப் பயிற்சி உண்டா? தலையில் அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்துபவர் யார்? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் கிளப்பை நம்பலாம்.

ஆக, இந்தச் சுமையை எப்படிப் பங்கிடுவது? நம் பார்வையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. யாருடைய பங்கும் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதில்லை.

ஆணையத்தின் பங்கு முதன்மையானது. 2027இல் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்ததைப் பற்றிய பேச்சைக் கடைசி நேரம் வரை தள்ளாமல் முன்கூட்டியே தொடங்குவது நல்லது. மகளிர் போட்டியின் வரவையும் செலவையும் தனியாகக் கணக்கிட்டு வெளியிட்டால், இரு தரப்பும் ஊகத்தை விட்டுவிட்டு உண்மையை வைத்துப் பேச முடியும். வருமானம் உயரும் வேகத்தோடு ஊதியத்தின் ஒரு பகுதியைப் பிணைத்து, அதற்கு அடியில் வாழத் தகுந்த ஒரு குறைந்தபட்சத்தை உறுதி செய்தால், சிக்கனம் பேசுவோருக்கும் சமத்துவம் பேசுவோருக்கும் ஏற்ற தளம் கிடைக்கும்.

கிளப்புகளின் பங்கு, பெண்கள் அணியை ஆடவர் அணியின் பின்னிணைப்பாகப் பாராமல் நடத்துவது. உடை மாற்றும் அறை, மருத்துவர், பயிற்சி நேரம் ஆகியவை பெரிய பணம் கேட்பவையல்ல, கவனம் கேட்பவை. மகளிர் பயிற்சி இரவு எட்டு மணிக்குத்தான் என்றால், மறுநாள் காலை வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எவ்வளவு பாரம் என்பதை நிர்வாகிகள் ஒருமுறை எண்ணிப்பார்த்தால் போதும்.

வேலை கொடுப்பவர்களின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. பருவகாலத்தில் நேரத்தை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஒரு மருத்துவமனையோ, பள்ளியோ, கணக்கு நிறுவனமோ, தெரிந்தோ தெரியாமலோ தேசிய அணிக்கு உதவுகிறது. நம் சமூகத்தில் சிறு தொழில் நடத்துவோர் பலர் உண்டு. ஓர் ஆட்டக்காரருக்குப் பகுதிநேர வேலை தருவது அவர்களுக்கும் நட்டமில்லை. ஒழுங்கும் நேரந்தவறாமையும் உள்ள ஊழியர் எளிதில் கிடைப்பதில்லை. உள்ளூர் கிளப்பின் சிறுமியர் அணிக்குச் சட்டை வாங்கித் தருவதும் பெரிய செலவாகாது.

ரசிகர்களின் பங்கு நேரில் போவது. மகளிர் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்ற பெயரில் குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் 2018இல் மோதியபோது அது ஒரே ஆட்டம், நார்த் சிட்னி ஓவல் என்ற சிறிய மைதானத்தில். 2023இல் இரண்டானது, 2024இல் மூன்று ஆட்டத் தொடரானது. அந்த ஆண்டு நியூகாசிலில் நடந்த ஆட்டத்துக்கு 25,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். வாதத்தில் வெல்ல முடியாத இடத்தில் அந்தக் கூட்டம் வென்றது. பெண்கள் ஆட்டத்துக்கு மதிப்பு வேண்டும் என்று விரும்புவோர், ஆண்டுக்கு ஓர் ஆட்டத்துக்காவது குடும்பத்தோடு நுழைவுச்சீட்டு வாங்குவது, எத்தனை கருத்துரைகளைவிடவும் பயன் தரும். ஆடவர் ஆட்டத்தை மட்டுமே ரசிப்போர் இதற்காகத் தங்கள் ரசனையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இறுதி ஆட்ட நாளன்று சற்று முன்னதாக வந்து இருக்கையில் அமர்ந்தாலே போதும்.

ஆட்டக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அவர்கள் அதை ஏற்கெனவே செய்துவருகிறார்கள். ஊதியத்தோடு எதிர்பார்ப்பும் உயரும். விமர்சனமும் கூடவே வரும். தோற்ற நாளில் கடுமையான கேள்விகளை ஆடவரிடம் கேட்பதுபோலப் பெண்களிடமும் கேட்பது அவமதிப்பாகாது. அவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்களாக மதிப்பதன் ஓர் அடையாளமாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊடகங்களும் இரக்கத்தையும் அதீதப் புகழ்ச்சியையும் விட்டு, ஆட்டத்தை ஆட்டமாக எழுதப் பழக வேண்டும்.

பிரிகின்ஷாவின் பயணம் ஒரு தனி மனிதரின் மன உறுதியால் நிகழ்ந்தது என்று எழுதுவது எளிது. அது உண்மையும்கூட. ஆனால் ஒரு பொதுப் போட்டி அசாதாரண மனிதர்களை மட்டுமே நம்பி நடக்க முடியாது. அவருடைய தலைமுறையில் திறமையிருந்தும் வேலை நேரம் ஒத்துவராததாலும், குழந்தை பிறந்ததாலும், பயணச் செலவுக்கு வழியில்லாததாலும் எத்தனை பேர் விலகினார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. மன உறுதி சராசரியாகவும் திறமை சிறப்பாகவும் உள்ள ஒரு பெண்ணும் பத்தாண்டு ஆட முடிந்தால்தான் ஏற்பாடு சரியாக இருக்கிறது என்று சொல்லலாம்.

அந்த நிலை எட்ட முடியாத தூரத்தில் இல்லை. ஏழு ஆண்டுகளில் மூன்று சுற்று பதினொன்றாகியிருக்கிறது. கூட்டு ஒப்பந்தமே இல்லாத நிலையிலிருந்து, எழுத்தில் உறுதி செய்யப்பட்ட ஊதியம் வந்திருக்கிறது. இவை எந்தத் தரப்பும் முழுமையாக வென்றதால் வந்தவையல்ல. இரு தரப்பும் மேசையை விட்டு எழுந்து போகாததால் வந்தவை. அடுத்த ஒப்பந்தப் பேச்சு தொடங்கும்போது ஆணையம் தன் கணக்கைத் திறந்து வைக்கட்டும். வீரர் சங்கம் அதை நல்லெண்ணத்தோடு படிக்கட்டும். மற்றவர்களான நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்தின் ஆட்ட அட்டவணை வெளியானதும், பக்கத்து மைதானத்தில் மகளிர் ஆட்டம் எந்த நாளில் என்று பார்த்து, அந்த நாளை நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் நம் பங்கின் முதல் தவணை செலுத்தப்பட்டுவிடும்.